கேமரா நிற்கும் இடம்: ஒளிப்படத்தில் நோக்குநிலையும் கோணமும்

ஓர் ஒளிப்படத்தில் எது முன்னே நிற்கிறது, எது எதை மறைக்கிறது, எது பெருத்துத் தெரிகிறது, எது சிறுத்துப்போகிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது கேமரா வைக்கப்பட்ட இடம். அந்த இடத்தைத் தேர்வது நோக்குநிலை. அங்கிருந்து கேமராவை மேலோ கீழோ பக்கவாட்டிலோ எவ்வளவு சாய்ப்பது என்பது கோணம். நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டாலும் இவை செய்யும் வேலைகள் வேறு. இடம் பொருள்களுக்கு இடையிலான உறவை அமைக்கிறது. சாய்வு கோடுகளின் வடிவத்தை அமைக்கிறது. லென்ஸின் பங்கு இவற்றுக்குப் பிறகே வருகிறது. நின்ற இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதே அதன் வேலை.

அகலக்கோண லென்ஸ் முகத்தைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஒளிப்படம் பயில்வோரிடையே ஆழமாக வேரூன்றியது. உண்மையில் முகத்தின் விகிதத்தை மாற்றுவது லென்ஸ் அன்று, தூரம். மூக்கு நுனியிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் கேமரா இருந்தால், அதற்கு 12 செ.மீ. பின்னால் இருக்கும் காது 52 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே காதோடு ஒப்பிடும்போது மூக்கு 30 விழுக்காடு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை 2 மீட்டரிலிருந்து எடுத்தால் இந்த மிகை 6 விழுக்காடுதான். அகலக்கோண லென்ஸில் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் நெருங்கித்தான் போக வேண்டும். அந்த நெருக்கத்தின் விளைவு லென்ஸின் கணக்கில் எழுதப்படுகிறது. ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸாலும் 85 மி.மீ. லென்ஸாலும் ஒருவரை எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டிலும் முகத்தின் விகிதம் ஒன்றாகவே இருக்கும். ஜூம் வளையத்தைத் திருப்புவதும் நாலடி முன்னால் நடப்பதும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

கேமராவின் உயரம் இன்னொரு வகையில் வேலை செய்கிறது. சமதரையில் கேமராவை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால், அருகில் நிற்பவர், தொலைவில் நிற்பவர் எல்லாரையும் தொடுவானக் கோடு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்திலேயே வெட்டிச் செல்லும். அதாவது கடற்கரையில் நிற்கும் அத்தனை பெரியவர்களின் கழுத்தருகேயும் அந்தக் கோடு ஓடும். கேமராவை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் கோடு எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே போய்விடும். உடல்கள் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு தனித்து எழும். கேமராவை 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அத்தனை பேரும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். மணலும் அலையுமே அவர்களுக்குப் பின்னணி. கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்ட விரும்புபவர் குந்தி உட்காருவதும், கூட்டத்தின் அமைப்பைக் காட்ட விரும்புபவர் மாடிப்படி தேடுவதும் இந்த வடிவியலால்தான்.

பக்கவாட்டு நகர்வு மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது. அருகிலுள்ள பொருள், ஒளிப்படக்காரர் அரை அடி நகர்ந்தாலே தொலைவிலுள்ள பொருளை விட்டு விலகிவிடும். மணமகளின் தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரியும் பந்தல் கால் அந்த அரை அடியில் மறைந்துவிடும்.

சாய்வின் கதை வேறு. கேமராவை மட்டமாகப் பிடித்திருக்கும்வரை கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் இணையாகவே நிற்கும். மேல்நோக்கிச் சாய்த்தவுடன் அவை மேலே ஒன்றையொன்று நெருங்கும். கட்டடம் பின்னால் சரிவதுபோல் தோன்றும். கோபுரங்களை எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கடம். கோபுரம் இயல்பாகவே நிலைக்கு நிலை குறுகிக்கொண்டே போவது. தெருவில் நின்று அண்ணாந்து எடுக்கும்போது அந்தக் குறுகல் இரட்டிப்பாகி, மேல்நிலைச் சுதைச் சிற்பங்கள் அடையாளம் தெரியாமல் சுருங்கிவிடுகின்றன. எதிரே பாதி உயரமுள்ள ஒரு மாடி கிடைத்தால் கேமராவைச் சாய்க்காமலே முழுக் கோபுரத்தையும் எடுக்கலாம். அது கிடைக்காதபோது, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதியுள்ள பெரிய வடிவக் கேமராவோ ஷிஃப்ட் லென்ஸோ உதவும். கட்டடக்கலை ஒளிப்படக்காரர்கள் குவியும் கோடுகளைக் குறையாகக் கருதித் திருத்துகிறார்கள். அதே கோடுகளைத் தங்கள் மொழியாகவே ஆக்கிக்கொண்ட ஒரு தலைமுறையும் ஒளிப்பட வரலாற்றில் உண்டு.

ஒளிப்படக் கலை மேலிருந்து பார்த்தபடிதான் பிறந்தது. 1826 அல்லது 1827இல் நிசெஃபோர் நியெப்ஸ் பிரான்ஸின் சான் லூ த வாரென் ஊரிலுள்ள தம் வீட்டு மேல்மாடிச் சன்னலிலிருந்து எடுத்த கூரைகளின் படமே இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம். 1838இல் லூயி தாகேர் பாரிஸின் புல்வார் து தாம்ப்ல் சாலையை எடுத்ததும் உயரமான சன்னலிலிருந்துதான். நீண்ட நேரப் பதிவில் நடமாடியவர்கள் யாவரும் கரைந்துபோக, காலணிக்கு மெருகு போடக் காலை நீட்டி அசையாமல் நின்ற ஒருவரின் உருவம் பதிந்தது. ஆனால் இந்த இரு படங்களிலும் உயரம் ஒரு கலைத் தேர்வாக இருந்திருக்கத் தேவையில்லை. மணிக்கணக்கிலோ நிமிடக்கணக்கிலோ அசையாமல் நிற்க வேண்டிய பெட்டிக்குச் சன்னல் வசதியான இடம். பிறகு வந்த கேமராக்கள் முக்காலியின் மேல், நிற்கும் மனிதரின் கண்மட்டத்தில் குடியேறின. ஓவியர்களின் படத்தாங்கி நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான். கையடக்கப் பெட்டிக் கேமராக்கள் பரவியபோது, மேலிருந்து குனிந்து பார்க்கும் வியூஃபைண்டர் காரணமாக அந்த மட்டம் வயிற்றுக்கு இறங்கியது. கருவியின் கட்டமைப்பே பார்வையின் உயரத்தை முடிவு செய்த காலம் அது.

அந்தப் பழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர்களில் முதன்மையானவர் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரோட்செங்கோ. ஓவியராகவும் வடிவமைப்பாளராகவும் பெயர் பெற்றபின் 1924இல் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கியவர். 1925இல் மியாஸ்நிட்ஸ்காயா தெருவில் தாம் குடியிருந்த கட்டடத்தைச் சுவரோடு ஒட்டி நின்று நேர் மேலே நோக்கி எடுத்தார். பால்கனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்துக்குள் ஏறிப்போகும் படம் கிடைத்தது. அதே ஆண்டு தீயணைப்பு ஏணியில் ஏறும் மனிதரைக் காலடியிலிருந்து எடுத்தார். 1928இல் ‘நோவி லெஃப்’ இதழில் தம் நிலைப்பாட்டை விரிவாக எழுதினார். மாடிக் கட்டடங்களும் டிராம்களும் நிறைந்த நகரத்தில் வாழ்பவர் அண்ணாந்தும் குனிந்தும்தான் உலகைப் பார்க்கிறார். படங்கள் மட்டும் பழைய ஓவியங்களைப்போல நேராகவே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே வயிற்று மட்டத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலிருந்தும், அவை மக்களுக்குப் பழகும்வரை எடுத்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் தந்த சான்றுகளில் ஒன்று ஐஃபல் கோபுரம். 1925இல் பாரிஸ் சென்றபோது தொலைவிலிருந்து பார்த்த கோபுரம் அவருக்குப் பிடிக்கவில்லை. பேருந்தில் அதன் அருகே போகையில் சன்னல் வழியே இரும்புக் கோடுகள் மேல்நோக்கி விரைவதைக் கண்டபோதுதான் அதன் கட்டுமானமும் கனமும் அவருக்கு விளங்கின.

எதிர்ப்பு உடனே வந்தது. 1928இலேயே ‘சோவியத்ஸ்கோயே ஃபோட்டோ’ இதழ் அவருடைய படங்களை மேற்கத்திய ஒளிப்படக்காரர்களின் படங்களுக்கு அருகே அச்சிட்டு, கோணங்களைத் திருடியவர் என்று குற்றம் சாட்டியது. ஆனால் அவரது சொந்த முகாமில் எழுந்த கேள்விதான் இன்றும் பதில் வேண்டி நிற்பது. எப்படி எடுப்பது என்பதைவிட எதற்காக எடுப்பது என்பதே முதன்மை, நோக்கம் கோணத்தைத் தீர்மானிக்கட்டும் என்று ‘நோவி லெஃப்’ வட்டாரத்தைச் சேர்ந்த செர்கெய் திரெத்யாகோவ் வாதிட்டார். எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் ஒளிப்படத்தின் புரட்சியே இருக்கிறது என்றார் ரோட்செங்கோ. 1930இல் அவர் எடுத்த ‘பயனியர் சிறுமி’ படத்தில், முகவாய்க்குக் கீழிருந்து பார்க்கப்பட்ட முகம் நினைவுச்சின்னத்தின் கனத்தைப் பெற்றது. அவள் ஏன் மேலே பார்க்கிறாள், முன்னோக்கி அல்லவா பார்க்க வேண்டும் என்று அதற்கும் குறை சொல்லப்பட்டது. பிற்காலத் தாழ்கோணப் படங்கள் பலவும் இந்த விவாதத்தின் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டவை. பால்கனிப் படம் இன்றும் நிற்பதற்குக் காரணம், ஒரு குடியிருப்பில் வீட்டின்மேல் வீடாக மனிதர்கள் அடுக்கப்பட்டு வாழ்வதை வேறெந்த இடத்திலிருந்தும் அவ்வளவு சுருக்கமாகக் காட்ட முடியாது என்பது. அங்கே கோணமே பொருளைச் சொல்கிறது. காரணமில்லாமல் சாய்ந்த படத்தில் சாய்வு மட்டும்தான் தெரியும்.

தாழ்கோணம் எடுக்கப்படுபவருக்கு அதிகாரம் தரும், உயர்கோணம் அவரைச் சிறுமைப்படுத்தும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அரசியல் சுவரொட்டிகளும் சினிமா பேனர்களும் இந்த விதியை விடாமல் பின்பற்றுகின்றன. ஆனால் விதி பாதிதான் உண்மை. எட்வர்ட் வெஸ்டன் 1925இல் மெக்சிகோவில் தம் குளியலறைக் கழிப்பறைப் பீங்கானைத் தரைமட்டத்திலிருந்து எடுத்தபோது அதிகாரத்தைத் தேடவில்லை. நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத அதன் வளைவுகளைத் தேடினார். மார்கரெட் பூர்க்-ஒயிட் 1946இல் காந்தியை இராட்டையோடு எடுத்த படத்திலும் கேமரா தாழ்வாகத்தான் இருக்கிறது. தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவரின் மட்டத்துக்கு அது இறங்கியிருக்கிறது, அவ்வளவே. இராட்டை முன்னணியில் பெரிதாக நிற்க, அதன் பின்னால் காந்தி மெலிந்த உருவமாகத் தெரிகிறார். மனிதரைவிடப் பெரிதாக ஒரு கருவியைக் காட்டி, அந்த மனிதர் எதை முன்னால் வைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிற படம் அது. படமெடுக்கும் முன் பூர்க்-ஒயிட்டை நூற்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்; மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மேல் அனுமதியில்லை என்றும் சொன்னார்கள். சில சொடுக்குகளே வாய்க்கும் இடத்தில் எங்கே உட்காருவது என்பதை முன்கூட்டியே யோசித்துவைத்திருக்க வேண்டும்.

உயரத்திலிருந்து பார்க்கும் பார்வை மனிதரைச் சிறிதாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக அது தருவது பெரிது. தரையே ஒரு தாளாகிவிடுகிறது. பாதைகள், நிழல்கள், சுவடுகள் அதில் கோடுகளாகின்றன. 1860 அக்டோபர் 13 அன்று ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனில் ஏறி ஏறத்தாழ 1,200 அடி உயரத்திலிருந்து பாஸ்டன் நகரத்தை எடுத்தார். எஞ்சியிருக்கும் வான்படங்களில் மிகப் பழையது அதுவே. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே பிரான்ஸில் நாதார் பலூனிலிருந்து எடுத்த படம் இன்று இல்லை. பறக்காமலே இந்தப் பார்வையைக் கலையாக்கியவர் ஆல்வின் லாங்டன் கோபர்ன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் கோபுரத்திலிருந்து பனி மூடிய மாடிசன் சதுக்கப் பூங்காவை எடுத்தார். வட்டத்திலிருந்து பிரிந்தோடும் நடைபாதைகள் எண்காலிக் கடலுயிரின் கைகளாயின. படத்தின் பெயரும் ‘ஆக்டோபஸ்’. உச்சிகளிலிருந்து எடுத்த நியூயார்க் படங்களை 1913இல் அவர் லண்டனில் காட்சிக்கு வைத்தார். தொடுவானம் சட்டத்துக்குள் இல்லாதபோது ஆழம் குறைந்து படம் தட்டையாகிறது. அந்தத் தட்டைமைதான் பூங்காவைக் கோலமாக மாற்றுகிறது.

ஆந்திரே கெர்தேஸ் இதை இன்னும் நெருக்கமான காரியமாக்கினார். 1952இல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கிய பன்னிரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோனபின் அந்தப் பால்கனியே அவருக்கு நிரந்தர நோக்குநிலையாயிற்று. 1954இன் பனிக்காலத்தில் எடுத்த படத்தில் வெற்று மரக்கிளைகளும் வேலியும் வெண்பனிமேல் கறுப்புக் கோடுகளாகக் கிடக்கின்றன. இடையே ஒரு சிறு மனித உருவம். புதிய இடங்களைத் தேடி ஓடுவதே படைப்பூக்கம் என்று எண்ணுபவர்கள் இதை நெடுநேரம் பார்க்க வேண்டும். இடம் மாறவே இல்லை. பருவமும் வெளிச்சமும் நடப்பவர்களும் மாறுவதற்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே உயரத்தில் காத்திருந்தார். ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தை எடுத்தபோது உயரத்தோடு மெதுவான ஷட்டரையும் சேர்த்தார். விரையும் கூட்டம் புகைபோல் கலங்கிப்போக, அதன் நடுவே நாளிதழில் ஆழ்ந்து அசையாமலிருப்பவர்கள் மட்டும் தெளிவாக நிற்கிறார்கள். கண்மட்டத்தில் நின்றிருந்தால் முன்வரிசைக்காரர்களின் தோள்கள் இவர்களை மறைத்திருக்கும்.

நேர் மேலிருந்து எடுப்பது, படப்பிடிப்புத் தளங்களில் ‘டாப் ஆங்கிள்’ எனப்படுவது, உயர்கோணத்தின் எல்லை. 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் முகமது அலியும் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸும் மோதிய குத்துச்சண்டைக்கு முன்பாக, நீல் லெய்ஃபர் வளையத்துக்கு மேலே விளக்குகள் தொங்கிய சட்டத்தில் ஒரு கேமராவைப் பொருத்தித் தொலைவிலிருந்து இயக்கினார். மற்ற அரங்குகளில் அந்தச் சட்டம் மிகத் தாழ்வாகத் தொங்கும். முழு வளையமும் விழ மீன்கண் லென்ஸ் வேண்டும், கயிறுகள் வளைந்து தெரியும். ஆஸ்ட்ரோடோமில் அது சுமார் 80 அடி உயரத்தில் இருந்ததால் வளையம் சரியான சதுரமாகவே விழுந்தது. ஒரு மூலையில் மல்லாந்து கிடக்கும் வில்லியம்ஸ், எதிர்ப்பக்கம் கைகளை உயர்த்தியபடி விலகும் அலி, சுற்றிலும் செய்தியாளர்கள். தோற்றவரின் உடல் விரிப்பில் முழுநீளத்துக்குத் தெரிவது இந்த ஒரு கோணத்தில் மட்டுமே.

இன்று ட்ரோன் அந்த உயரத்தை எல்லார் கைக்கும் கொண்டுவந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி இந்தியாவில் 250 கிராமுக்கு உட்பட்டவை ‘நானோ’ வகையில் வருகின்றன. திருமண மண்டபங்களின் மேலும் உப்பளங்களின் மேலும் ட்ரோன் பறக்கிறது. உப்புப் பாத்திகளின் கட்டம் மேலிருந்து அழகாகவே தெரிகிறது. ஆனால் அங்கே வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் முகம் அந்த உயரத்தில் இல்லை. எல்லாப் படங்களும் மேலிருந்தே எடுக்கப்படும்போது இழப்பு அதுதான். அந்த முகத்துக்குக் கேமரா பாத்தியின் வரப்பில் வந்து நின்றாக வேண்டும்.

மனிதரை எடுக்கும்போது தூரமும் உயரமும் மரியாதையின் கேள்வியாகவும் ஆகின்றன. டொரோத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த ஏழைத் தாயையும் பிள்ளைகளையும் எடுத்த வரிசை இதற்குச் சரியான பாடம். முதற்படங்களில் கூடாரமும் சுற்றுச்சூழலும் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் அவர் நெருங்கி வந்தார். உலகம் அறிந்த கடைசிப் படத்தில் கூடாரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மட்டத்திலேயே கேமராவும் இருக்கிறது. நின்றபடி கீழ்நோக்கி எடுத்திருந்தால் அதே முகம் இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் மிஞ்சியிருக்கும். குழந்தைகளின் படங்களில் பெரும்பாலானவை உச்சந்தலையின் படங்களாக இருப்பதும் பெரியவர்கள் மண்டியிடத் தயங்குவதால்தான்.

காட்டுயிரிலும் இதே கேள்வி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவோடு கறுப்பு வெள்ளையில் யானைகளைப் பதிவு செய்தவர். காட்டில் தரையில் நடந்தும் பழகிய யானையின் முதுகிலிருந்தும் அவர் படமெடுத்தார். யானை முதுகு உயரமான புல்லுக்கு மேலே பார்வையைத் தூக்குகிறது. சவாரி யானையைக் காட்டு விலங்குகள் அவ்வளவாக அஞ்சுவதும் இல்லை. தரையிலிருந்து எடுக்கும்போது விலங்கின் கால்களும் பருமனும் உயரமும் முழுதாக வந்து சேரும். அதற்கான ஆபத்தும் கூடவே வரும்.

நோக்குநிலை நகரும் பொருளாகவும் இருக்கலாம். ரகுவீர் சிங் அம்பாசடர் காரின் உள்ளிருந்து இந்தியாவைப் பார்த்தார். கதவுச் சட்டமும் கண்ணாடிகளும் படத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்க, ஒரே சட்டத்துக்குள் முன்னால் தெரியும் சாலையும் பக்கக் கண்ணாடியில் பின்னால் போகும் சாலையும் சேர்கின்றன. அவர் 1999இல் மறைந்தபின் 2002இல் அந்தப் படங்கள் நூலாக வந்தன.

ஒரே இடம் போதாத பொருள்களும் உண்டு. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராயிருந்த லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தொலைவில் நின்றால் எழுத்து படிக்க முடியாது. ஓரத்தில் நின்று சாய்த்தால் தொலைவிலுள்ள எழுத்துகள் நெருங்கிக் குழம்பும். ஆகவே கேமராவைச் சுவருக்கு நேராக, இணையாக வைத்து, ஒவ்வொரு பகுதியாக நகர்த்திக்கொண்டே போனார். 21 படங்களை ஒட்டி உருவான அந்தத் தொடர்படத்தின் நீளம் ஏறத்தாழ 19 அடி. கோணத்தில் துளி வேடிக்கையும் இல்லாத இந்தப் பணி, நோக்குநிலையைக் குறித்த சிந்தனையில் ரோட்செங்கோவின் பால்கனிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஒரு சுவரை எந்த ஒரு மனிதக் கண்ணும் ஒரே நேரத்தில் காண முடியாத வகையில், எல்லா இடத்திலும் நேர் எதிரே நின்று பார்த்ததாக அது காட்டுகிறது.

டேவிட் ஹாக்னி 1980களில் இதே வழியை வேறொரு நோக்கத்துக்குக் கொண்டுபோனார். 1986 ஏப்ரலில் கலிபோர்னியப் பாலைவனச் சாலைச் சந்திப்பை நூற்றுக்கணக்கான சிறு படங்களாக எடுத்து ‘பேர்பிளாசம் ஹைவே’ என்ற ஒரே படைப்பாக ஒட்டினார். தூரத்துச் சாலைப் பலகையின் எழுத்தைக்கூட நெருங்கிச் சென்று எடுத்தார்; நிறுத்தக் குறியை நேருக்கு நேர் எடுக்க ஏணியில் ஏறினார்; தரையில் கிடந்த குப்பையைக் குனிந்து எடுத்தார். முழுப் படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் தொலைவுக்கு ஓடும் வழக்கமான சாலை தெரிகிறது. நெருங்கினால் ஒவ்வொரு துண்டும் வேறொரு இடத்தில் நின்று பார்த்ததாக இருக்கிறது. இன்றைய கைப்பேசிகள் பல சட்டங்களைத் தையல் தெரியாமல் இணைத்துவிடுகின்றன. மென்பொருள் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தியும் தருகிறது. ஹாக்னி ஓரங்களை மறைக்காமல் விட்டார். கேமரா எத்தனை இடங்களில் நின்றது என்பதை அந்த ஓரங்களைக் கொண்டு பார்வையாளரே எண்ணிக்கொள்ளலாம்.